லண்டனில் இரவு எட்டு மணிக்கு மேல் என்ன செய்வது?

(ஏற்காடு ஒண்டிக்கடையில், தங்கும் விடுதி நடத்துபவர்கள், டாக்சி ஓட்டுநர்கள், கடைக்காரர்கள், வெளிநாடு போகத் தயாராகும் மாணவர்கள் கூடிய ஒரு மாலைச் சந்திப்பில் பேசியது. பேச்சு நடை முடிந்தவரை அப்படியே வைக்கப்பட்டுள்ளது. திரும்பத் திரும்ப வந்த சொற்களை மட்டும் நீக்கியிருக்கிறோம்.)

பின்னாடி நிக்கிற அண்ணங்க முன்னாடி வந்து உக்காருங்க, நாற்காலி நிறைய இருக்கு. பனி இறங்குறதுக்குள்ள முடிச்சிடலாம்.

இன்னைக்குத் தலைப்பு லண்டன் ராத்திரி. ஏன் இந்தத் தலைப்புன்னா, நம்ம மலையிலிருந்தும் சேலத்திலிருந்தும் படிக்கப் போற பசங்க எண்ணிக்கை கூடிட்டே இருக்கு. அவங்களைப் பார்க்க அப்பா அம்மாவும் ஒரு மாசம், ரெண்டு மாசம் போய்ட்டு வர்றாங்க. போறவங்க எல்லாரும் கேக்குற கேள்வி ஒண்ணு: "பகல்ல அரண்மனை, பாலம், மியூசியம் எல்லாம் பார்த்துடலாம். சாயங்காலம் ஆனா என்ன பண்றது? குடிக்கிற பழக்கம் இல்லாதவங்களுக்கு அங்க ராத்திரியில ஏதாவது இருக்கா?"

நான் ரெண்டு தடவை போயிருக்கேன். ரெண்டு தடவையும் சொந்தக்காரங்க வீட்ல தங்கினேன். சுற்றுலாக்காரனாத்தான் சுத்தினேன். அங்கயே வாழ்றவங்களுக்கு என்னைவிட நிறையத் தெரியும். ஆனா புதுசாப் போறவங்க கண்ணுல எது படும், எது படாதுன்னு என்னால சொல்ல முடியும். அதோட, நம்ம ஊரும் சுற்றுலா ஊர். அங்க பார்த்ததுல நமக்கு எடுத்துக்க என்ன இருக்குன்னும் கடைசியில பேசுறேன்.

ராத்திரி எப்ப ஆரம்பிக்குது?

முதல்ல இதைத் தெரிஞ்சுக்கணும். நமக்கு வருஷம் முழுக்க ஆறு, ஆறே முக்காலுக்குள்ள பொழுது சாஞ்சிடும். ஏற்காடு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 12 டிகிரிக்குக் கிட்ட இருக்கு. லண்டன் 51 டிகிரிக்கு மேல. அதனால ஜூன் மாசத்துல அங்க சூரியன் மறையவே ஒன்பது இருபது ஆயிடும். பத்து மணிக்கும் வானத்துல வெளிச்சம் மிச்சம் இருக்கும். டிசம்பர்ல தலைகீழ். நாலு மணிக்குள்ள இருட்டிடும்.

இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனா உங்க திட்டமே இதை வெச்சுத்தான் போடணும். கோடையில போனா "ராத்திரி வாழ்க்கை"ன்னு சொல்றதுல பாதி வெளிச்சத்துலேயே நடக்கும். பூங்காவுல, ஆத்தங்கரையில ஜனங்க உக்காந்திருப்பாங்க. குளிர்காலத்துல போனா நாலு மணியிலிருந்து பதினோரு மணி வரைக்கும் ஏழு மணி நேரம் இருட்டு. வீட்டுக்குள்ளயே கிடந்தா மனசு சோர்ந்துடும். வெளிய போகத்தான் வேணும்.

இன்னொரு ஆச்சரியம் கடைகள். பெரிய நகரம், விடிய விடிய கடை இருக்கும்னு நினைச்சுப் போவோம். ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கெல்லாம் பெரிய கடைங்க மூடிடும். 1994ல ஒரு சட்டம் போட்டாங்க. 280 சதுர மீட்டருக்கு மேல இருக்கிற கடை ஞாயித்துக்கிழமை ஆறு மணி நேரம்தான் திறக்கலாம், அதுவும் காலை பத்துக்கும் மாலை ஆறுக்கும் நடுவுல. சின்னக் கடைக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதனால தெரு முனையில இருக்கிற சின்னக் கடைதான் ராத்திரிக்கும் ஞாயித்துக்கிழமைக்கும் துணை. பால், ரொட்டி, முட்டை, போன் ரீசார்ஜ் எல்லாம் அங்கதான்.

நம்ம இந்த இடத்துக்குப் பேர் ஒண்டிக்கடை. ஒண்டின்னா தனி, ஒத்தை. லண்டன்ல ஒவ்வொரு பேட்டையிலும் ராத்திரி பதினோரு மணிக்கு மேல ஒரு ஒண்டிக்கடை எரிஞ்சிட்டிருக்கும். 1972ல உகாண்டாவுல இடி அமீன் துரத்தி விட்ட ஆசியர்கள் பிரிட்டனுக்கு வந்தாங்க. அதுல குஜராத்திக்காரங்க நிறையப் பேர் இந்த மாதிரிக் கடைகளை எடுத்து நடத்தினாங்க. 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து அகதியா வந்த தமிழர்களும் கடையிலும் பெட்ரோல் பங்கிலும் இரவு வேலைக்குப் போனாங்க, பிறகு சொந்தமாவும் எடுத்தாங்க. இதுக்குப் பின்னால திரும்ப வர்றேன்.

பப் என்பது டாஸ்மாக் இல்லை

இதைச் சொல்லாம லண்டன் ராத்திரியைப் பத்திப் பேச முடியாது. நமக்குக் குடிக்கிற இடம்னா மனசுல வர்றது டாஸ்மாக். 2003லிருந்து சில்லறை விற்பனை முழுக்க அரசாங்கம்தான். மதியம் பன்னிரண்டுக்குத் திறந்து ராத்திரி பத்துக்கு மூடுறாங்க. அந்தப் பக்கம் குடும்பத்தோட யாரும் போறதில்லை. போறவரும் முகத்தைத் திருப்பிக்கிட்டுத்தான் போவார்.

பப் அப்படி இல்லை. கண்ணாடி ஜன்னல், வெளிச்சம், உள்ள பாட்டி ஒருத்தர் செய்தித்தாள் படிச்சிட்டிருப்பார். மதியம் குழந்தைங்களோட வந்து சாப்பிடுவாங்க. பெண்கள் தனியா வந்து உக்காருவாங்க. ஆரஞ்சு ஜூஸ் வாங்கிட்டு மூணு மணி நேரம் உக்காந்தாலும் ஒருத்தரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. குடிக்காதவங்களும் ஒரு தடவை உள்ள போய்ப் பாருங்க. ஊர்க்காரங்க ஊர்க்கதை பேசுற திண்ணை மாதிரிதான் அது.

சில பழக்கம் தெரிஞ்சிருக்கணும். மேசையில உக்காந்து கூப்பிட்டா பல இடத்துல யாரும் வர மாட்டாங்க. நீங்களே கவுண்டருக்குப் போய் வாங்கி, அங்கயே காசு குடுத்துடணும். நாலு பேரா போனா ஒருத்தர் ஒரு சுற்று எல்லாருக்கும் வாங்குவார், அடுத்த சுற்று அடுத்தவர். நீங்க ஜூஸ் குடிச்சாலும் உங்க சுற்று வந்தா நீங்கதான் வாங்கணும். நம்ம ஊர் டீக்கடையில "இன்னைக்கு என் கணக்கு"ன்னு சொல்றோமே, அதே மரியாதைதான். வயசு 18 ஆகியிருக்கணும். பார்க்க 25க்குக் கீழ தெரிஞ்சாலே அடையாள அட்டை கேப்பாங்க. பசங்க இதைக் கேட்டுக் கோபப்படக் கூடாது.

ராத்திரி பதினோரு மணி கிட்ட மணி அடிப்பாங்க. கடைசி சுற்று வாங்கிக்கங்கன்னு அர்த்தம். இந்தப் பழக்கத்துக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. முதல் உலகப் போர் ஆரம்பிச்ச 1914–15ல, ஆயுதத் தொழிற்சாலை ஆளுங்க குடிச்சிட்டு வேலையைக் கெடுத்துடக் கூடாதுன்னு பப் திறக்கிற நேரத்தைச் சுருக்கினாங்க. போர் நாலு வருஷத்துல முடிஞ்சிடுச்சு. ஆனா நேரக் கட்டுப்பாடு, கொஞ்சம் கொஞ்சம் மாறினாலும், பல தலைமுறைக்கு ஓடுச்சு. மதியம் மூடுற வழக்கம் 1988ல தளர்ந்துச்சு. 2005 நவம்பர்லதான் பதினோரு மணி தாண்டியும் திறக்க அந்தந்த இடமே அனுமதி கேக்கலாம்னு புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்துச்சு. இன்னைக்கும் நிறைய பப் பழைய நேரத்துக்கே மூடுது. ஜனங்க உடம்புக்கு அந்த மணி பழகிடுச்சு.

எல்லாமே அழகுன்னு சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு நகர நடுவுல நடந்தா வாந்தி, கூச்சல், உடைஞ்ச கண்ணாடி எல்லாம் பார்க்கலாம். அந்த நேரத்துல ஒதுங்கிப் போறதுதான் புத்தி.

நாம காபி மலைக்காரங்க, அதனால ஒண்ணு சொல்லணும். பப் மட்டும் இல்லை, லண்டன் மாலைப் பொழுதை வளர்த்ததுல காபிக்கும் பங்கு இருக்கு. 1652ல பாஸ்குவா ரோசேன்னு ஒருத்தர் அங்க முதல் காபிக் கடையைத் திறந்தார். அடுத்த நூறு வருஷத்துல வியாபாரிங்க, எழுதுறவங்க, கப்பல்காரங்க எல்லாம் காபிக் கடையிலதான் கூடினாங்க. உலகம் முழுக்கப் பேர் போன லாய்ட்ஸ் காப்பீட்டுச் சந்தை, எட்வர்ட் லாய்ட் நடத்தின காபிக் கடையிலதான் பிறந்துச்சு. அந்தக் கதை நடந்து நூறு நூத்தைம்பது வருஷம் கழிச்சு, 1820 வாக்குல, கலெக்டர் காக்பர்ன் நம்ம மலைக்குக் காபிச் செடியைக் கொண்டு வந்தார்.

குடிக்காதவங்களுக்கு என்ன இருக்கு?

நிறைய இருக்கு. காசு குறைவா வெச்சிருக்கிறவங்களுக்கும் இருக்கு.

முதல்ல வெள்ளிக்கிழமை சாயங்காலத்தைக் குறிச்சு வெச்சுக்கங்க. பெரிய மியூசியங்க அன்னைக்கு லேட்டா மூடுது. பிரிட்டிஷ் மியூசியம் எட்டரை வரைக்கும், நேஷனல் கேலரி ஒன்பது வரைக்கும், விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் பத்து வரைக்கும். பொதுக் கூடங்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. பகல்ல இருக்கிற நெரிசல் இருக்காது. விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்ல திப்புவோட புலி பொம்மை இருக்கு, ஒரு வெள்ளைக்கார சிப்பாயைக் கடிக்கிற மாதிரி. 1799ல ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தப்ப எடுத்துட்டுப் போனது. நம்ம சேலம் பாராமகால் சீமை அதுக்கு ஏழு வருஷம் முன்னாடி வரைக்கும் திப்பு கையிலதான் இருந்துச்சு. ராத்திரி ஒன்பது மணிக்கு அதுக்கு முன்னாடி ஆள் இல்லாம நின்னு பாருங்க.

ரெண்டாவது நாடகம். தேம்ஸ் கரையில ஷேக்ஸ்பியர் குளோப் அரங்கம் இருக்கு. நடுவுல கூரை கிடையாது. முன்னாடி முற்றத்துல நின்னு பார்க்கிற டிக்கெட் ரொம்ப மலிவு. உக்கார விட மாட்டாங்க, மழை வந்தா நனையணும், குடை விரிக்கக் கூடாது. சேலம், தருமபுரிப் பக்கம் விடிய விடியத் தெருக்கூத்து பார்த்து வளந்தவங்களுக்கு மூணு மணி நேரம் நிக்கிறது பெரிய விஷயம் இல்லை. மொழி முழுக்கப் புரியலைன்னாலும் பரவாயில்லை. நடிகர் ஒரு கை தூரத்துல நின்னு நம்ம முகத்தைப் பார்த்துப் பேசுவார். பெரிய பாட்டு நாடகங்களுக்கு லெஸ்டர் ஸ்குவேர்ல அன்னைக்கான டிக்கெட்டைத் தள்ளுபடியில விக்கிற கூண்டு இருக்கு. நாடகம் பெரும்பாலும் ஏழரைக்கு ஆரம்பிச்சு பத்து, பத்தரைக்கு முடியும்.

கோடையில போனா ராயல் ஆல்பர்ட் ஹால்ல ப்ராம்ஸ் இசை விழா. அங்கயும் நின்னு கேக்குற இடத்துக்கு அன்னைக்கன்னைக்கு மலிவு டிக்கெட். சோஹோவுல ரானி ஸ்காட்ஸ்னு ஒரு ஜாஸ் கிளப், 1959ல ஆரம்பிச்சது. அது விலை கூட.

மூணாவது, எனக்கு ரொம்பப் பிடிச்சது, டவர் ஆஃப் லண்டன் கோட்டையில தினமும் ராத்திரி கதவு பூட்டுற சடங்கு. ஏறக்குறைய 700 வருஷமா நடக்குதுன்னு சொல்றாங்க. ஒன்பதரைக்கு உள்ள விடுவாங்க, ஒரு காவலர் விளக்கும் சாவியும் எடுத்துட்டு வருவார், இன்னொரு சிப்பாய் "யார் அது?"ன்னு நிறுத்துவார். கோயில்ல அர்த்தஜாம பூஜை முடிஞ்சு நடை சாத்துறதைப் பார்த்த மாதிரி இருக்கும். டிக்கெட் விலை கொஞ்சம்தான், ஆனா ரொம்ப முன்னாடியே பதிவு பண்ணணும்.

நாலாவது நடை. வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்துல ஆரம்பிச்சு ஆத்தோட தெக்குக் கரையிலயே டவர் பாலம் வரைக்கும் நடந்தா, நின்னு நிதானமாப் போனா ஒன்றரை மணி நேரம். ஒரு காசு செலவு இல்லை. செயின்ட் ஜேம்ஸ் பூங்காப் பக்கம் இன்னும் கேஸ் விளக்கு எரியுது. அந்த நகரத்துல இன்னும் ஆயிரத்துக்கு மேல கேஸ் விளக்கு இருக்கு. பால் மால் தெருவுல 1807ல முதல் கேஸ் விளக்கு ஏத்திக் காட்டினப்ப ஊரே வேடிக்கை பார்த்துச்சாம்.

பசிச்சா? பிரிக் லேன்ல ஒரு பேகல் கடை இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும். பேகல்னா நடுவுல ஓட்டை வெச்ச ரொட்டி, யூதர்கள் கொண்டு வந்தது. ராத்திரி ரெண்டு மணிக்கு அங்க கிளப்ல இருந்து வர்ற பசங்க, டாக்சிக்காரர், போலீஸ்காரர் எல்லாரும் ஒரே வரிசையில நிப்பாங்க. நம்ம சாப்பாடு வேணும்னா ஈஸ்ட் ஹாம்ல தோசை, டூட்டிங்ல கொத்து ரொட்டி. டூட்டிங்ல இலங்கைத் தமிழர் கடைகள்ல ராத்திரி அந்தத் தகரத் தட்டு சத்தம் கேட்டா பஸ் ஸ்டாண்டுல நிக்கிற நினைப்பு வரும்.

வீடு திரும்புறது எப்படி?

டாக்சிக்கார அண்ணங்க இங்க நிறைய இருக்கீங்க, உங்களுக்கு இதுதான் முக்கியம். எந்த ஊர்லயும் ராத்திரி எவ்வளவு நேரம் வெளிய இருக்கலாம்னு முடிவு பண்றது கடைசி வண்டிதான்.

சுரங்க ரயில் சாதாரண நாள்ல நடு ராத்திரி தாண்டினதும் நின்னுடும். 2016 ஆகஸ்ட்லிருந்து வெள்ளி, சனி ராத்திரி மட்டும் சில பாதையில விடிய விடிய ஓடுது. கொரோனா காலத்துல நிறுத்தி, 2021 நவம்பர்லிருந்து படிப்படியா திரும்ப ஆரம்பிச்சாங்க. சென்ட்ரல், விக்டோரியா, ஜூபிலி, நார்தர்ன், பிக்காடில்லி, இந்த அஞ்சு பாதைதான், அதுலயும் சிலது பாதி தூரம்தான். டூட்டிங் நார்தர்ன் பாதையில இருக்கு, ரயில் கிடைக்கும். நம்மாளுங்க நிறைய இருக்கிற ஈஸ்ட் ஹாம் டிஸ்ட்ரிக்ட் பாதையில இருக்கு, அங்க ராத்திரி ரயில் கிடையாது. தங்குற இடம் எந்தப் பாதையில இருக்குன்னு பார்த்துட்டுத்தான் ராத்திரித் திட்டம் போடணும்.

மத்த நாளுக்கு ராத்திரி பஸ். லண்டன்ல 1913லயே ராத்திரி பஸ் ஆரம்பிச்சிட்டாங்க. எண்ணுக்கு முன்னாடி ஆங்கில "என்" எழுத்து இருந்தா அது ராத்திரி பஸ். 2014லிருந்து பஸ்ல ரொக்கம் வாங்குறதில்லை, கார்டு மட்டும்தான். போன்ல சார்ஜ் இல்லாம, கையில நோட்டோட நின்னா ஏத்த மாட்டாங்க. நான் போனப்ப ஒரு பயணத்துக்கு ஒண்ணே முக்கால் பவுண்டு. மாடி பஸ்ல மேல முன் சீட்ல உக்காந்து நகரம் முழுக்கப் பார்த்துட்டு வரலாம். இதைவிட மலிவான ராத்திரி உலா எங்கயும் கிடைக்காது.

டாக்சியில ஒரு விதி. தெருவுல கை காட்டி நிறுத்தி ஏறுறதுன்னா கறுப்பு டாக்சி மட்டும்தான். மத்த வாடகைக் கார் எல்லாம் முன்கூட்டியே பதிவு பண்ணினாத்தான் சட்டப்படி ஏத்தலாம். கிளப் வாசல்ல வந்து "எங்க போகணும்?"னு கேக்குற காரில் ஏறவே கூடாது. கறுப்பு டாக்சி ஓட்டுறவங்க "நாலெட்ஜ்"னு ஒரு பரீட்சை எழுதணும். சேரிங் கிராஸைச் சுத்தி ஆறு மைலுக்குள்ள சுமார் 25,000 தெரு, அத்தனையும் மனப்பாடம். மூணு நாலு வருஷம் படிப்பாங்க. நம்ம ஆளுங்க இருபது கொண்டை ஊசி வளைவையும் பனியில கண்ணு தெரியாம ஓட்டுறாங்களே, அதுக்கும் ஒரு பரீட்சை வெச்சு மரியாதை குடுத்தா நல்லா இருக்கும். (கைதட்டல்)

இன்னொண்ணு போன். நடைபாதை ஓரமா நின்னு போனைப் பார்க்காதீங்க. சைக்கிள்ல, மின்சார மொபெட்ல வந்து பறிச்சிட்டுப் போறது அங்க சகஜம். வழி பார்க்கணும்னா ஒரு கடைக்குள்ள போய்ப் பாருங்க.

ராத்திரியை யார் ஓட்டுறாங்க?

இது வரைக்கும் சொன்னது எல்லாம் கைடு புத்தகத்துல இருக்கும். இனிமே சொல்றதுதான் நான் பேச வந்த விஷயம்.

ராத்திரி மூணு மணிக்கு ஒரு தடவை பஸ்ல வந்தேன். கிளப் முடிஞ்சு வர்ற கூட்டமாத்தான் இருக்கும்னு நினைச்சு ஏறினேன். பாதிப் பேர் அப்படி இல்லை. யூனிபார்ம் போட்டவங்க. ஆபீஸ் பெருக்கப் போறவங்க, முதியோர் இல்லத்துல இருந்து வர்றவங்க, ஓட்டல்ல பாத்திரம் கழுவினவங்க. தலையை ஜன்னல்ல சாய்ச்சுத் தூங்கிட்டு, அவங்க ஸ்டாப் வந்தப்ப யாரும் எழுப்பாமலே எழுந்து இறங்கினாங்க.

லண்டன் மாநகர நிர்வாகம் 2018ல ஒரு அறிக்கை போட்டுச்சு. சாயங்காலம் ஆறு மணியிலிருந்து காலை ஆறு மணிக்குள்ள வேலை பார்க்கிறவங்க அந்த நகரத்துல 16 லட்சம் பேர். மொத்த உழைப்பாளிகள்ல மூணுல ஒரு பங்கு. அப்ப "ராத்திரி வாழ்க்கை"ன்னா ஆடுறவங்க, குடிக்கிறவங்க மட்டும் இல்லை. ஆஸ்பத்திரி, கிடங்கு, மார்க்கெட், பஸ் டிப்போ எல்லாம் அதுல சேர்த்தி.

சார்லஸ் டிக்கன்ஸ் 1860ல "இரவு நடை"ன்னு பொருள்படுற தலைப்புல ஒரு கட்டுரை எழுதினார். தூக்கம் வராம அவர் ராத்திரி முழுக்க லண்டனைச் சுத்தினதைப் பத்தி. அதுல வேடிக்கை குறைவு, வீடில்லாதவங்கதான் அதிகம். சுற்றுலாக்காரன் கண்ணை வெச்சுக்கிட்டே அதைப் பார்த்திருக்கார் பாருங்க.

பெட்ரோல் பங்க் சமாச்சாரம் சொல்றேன்னேன். ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கு மேல பல பங்குல கடைக் கதவைப் பூட்டிடுவாங்க. உள்ள ஒரே ஆள். வாடிக்கையாளர் வெளிய நின்னு கண்ணாடி ஜன்னல் வழியா கேக்கணும், அவர் ஒரு இழுப்பறையில வெச்சு வெளிய தள்ளுவார். மழையில நிக்கிறவன் திட்டுவான். குடிச்சிட்டு வந்தவன் கண்ணாடியைத் தட்டுவான். உள்ள இருக்கிறவர் சிரிச்ச முகமா இருக்கணும்.

அப்படி ஒரு ஜன்னல்ல ராத்திரி பால் வாங்கப் போனப்ப, உள்ள இருந்த பையன் என் இங்கிலீஷைக் கேட்டுட்டு, "அண்ணா, நீங்க சேலம் பக்கமா?"ன்னான். ஆத்தூர்க்காரன். முதுகலை படிக்க வந்திருக்கான். படிக்கிற காலத்துல மாணவ விசாவுல வாரத்துக்கு இருபது மணி நேரம்தான் வேலை செய்யலாம். அதை ராத்திரி ஷிப்டா போட்டுக்கிட்டா பகல்ல வகுப்புக்குப் போகலாம்னு கணக்கு. நான் அன்னைக்கு மியூசியம், ஆத்தங்கரை எல்லாம் சுத்தினதைச் சொன்னேன். "நான் வந்து பதினாலு மாசம் ஆச்சுண்ணா. ஆத்தை பஸ்ல இருந்து பார்த்திருக்கேன்"ன்னான். வருத்தமாச் சொல்லலை. சும்மா தகவலா சொன்னான். பின்னாடி ஆள் வந்துட்டாங்க, நான் நகர்ந்துட்டேன்.

இங்க போகப் போற பசங்க இருக்கீங்க. உங்களுக்கு இதைத்தான் சொல்லணும். அந்த நகரம் ராத்திரியில ரெண்டு ஜன்னல் வெச்சிருக்கு. வெளியில நிக்கிறவங்க பார்க்கிறது ஒண்ணு, உள்ள உக்காந்திருக்கிறவங்க பார்க்கிறது இன்னொண்ணு. நீங்க உள்ள இருக்கிற ஆளாத்தான் முதல்ல போவீங்க. பரவாயில்லை, கடன் இருக்கு, வேலை செஞ்சுதான் ஆகணும். ஆனா மாசத்துல ஒரு வெள்ளிக்கிழமையை ஷிப்ட் போடாம உங்களுக்குன்னு வெச்சுக்கங்க. மியூசியம் இலவசம், நடை இலவசம். காசு இல்லாததால அது தவறுறதில்லை, நாள் ஒதுக்காததால தவறுது. பெத்தவங்களும் போன்ல "சாப்பிட்டியா, காசு அனுப்பினியா"ன்னு கேக்குறதோட, "இந்த வாரம் எங்க போய்ப் பார்த்தே?"ன்னு ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்க.

நம்ம மலைக்கு என்ன எடுத்துக்கலாம்?

இப்ப நம்ம விஷயம். சீசன்ல வர்றவங்க ராத்திரி எட்டரைக்கு இங்க வந்து நின்னு, "சார், இங்க நைட் லைஃப் ஏதாவது இருக்கா?"ன்னு கேக்குறாங்க. உடனே சிலருக்குத் தோணுறது, பெரிய ஸ்பீக்கர், கலர் லைட், டிஜே.

எனக்கு அது வேணாம்னு தோணுது. காரணம் சொல்றேன். ஒலி மாசு விதி 2000லிருந்தே இருக்கு, ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரைக்கும் திறந்த வெளியில ஒலிபெருக்கி கூடாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். எஸ்டேட்ல காட்டெருமை நடமாடுது. குடிச்சிட்டு இருபது வளைவு இறங்குறவன் தன்னோட எதிர்ல வர்றவனையும் சேர்த்துக் கொல்லுவான். அதோட, இருட்டும் அமைதியும் தேடித்தான் பாதிப் பேர் மேல வர்றாங்க. இருக்கிற சரக்கை அழிச்சிட்டு இல்லாத சரக்கை விக்கிறது வியாபாரம் ஆகாது.

லண்டன்ல ஒரு நல்ல கொள்கை இருக்கு. ஒரு இடத்துல ஏற்கெனவே பாட்டுக் கச்சேரி அரங்கம் இருந்தா, பக்கத்துல புதுசா வீடு கட்டுறவர்தான் சத்தம் வராம கட்டிக்கணும். பின்னாடி வந்தவர் முன்னாடி இருந்ததை மதிக்கணும். 2021 லண்டன் திட்டத்துலயும் இது இருக்கு. அங்க முன்னாடி இருந்தது பாட்டு. இங்க முன்னாடி இருந்தது அமைதி. புதுசா வர்ற விடுதி அந்த அமைதியை மதிக்கணும். கொள்கை ஒண்ணுதான்.

ஆனா ஒண்ணுமே வேணாம்னு சொல்லலை. அஞ்சு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவுல நமக்கு ஒண்ணுமே இல்லை. லேடீஸ் சீட்ல நின்னா சேலம் நகரம் முழுக்க வெளிச்சப் பொட்டா கீழ தெரியும். அதைப் பார்க்க வர்றவங்களுக்குக் கழிப்பறை, நடைபாதை, திரும்பி வர வண்டி இருக்கணும். நம்ம காபியை நாமே வறுத்து அரைச்சுக் குடுக்குற ஒரு கடை ஒன்பது வரைக்கும் இருந்தா ஜனங்க உக்காருவாங்க. மாசத்துல ஒரு சனிக்கிழமை கீழயிருந்து கூத்துக் குழுவைக் கூப்பிட்டு ஏழிலிருந்து ஒன்பதரை வரை ஆட வைக்கலாம். மேகம் இல்லாத ராத்திரியில நட்சத்திரம் பார்க்கக் கூட்டிட்டுப் போகலாம். கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு இந்த ரவுண்டானாவுல பெரிய எழுத்துல ஒரு பலகை வைக்கலாம். அதுக்குச் செலவு ஒரு டப்பா பெயின்ட்.

கடைசியா வேலை பார்க்கிறவங்க. 2019லிருந்து தமிழ்நாட்டுல பத்து பேர் அல்லது அதுக்கு மேல வேலை செய்யுற கடைகள் இருபத்துநாலு மணி நேரமும் திறக்கலாம்னு அரசாணை வந்துச்சு, 2022ல நீட்டிச்சாங்க. பெண்களை ராத்திரி எட்டுக்கு மேல வேலைக்கு வைக்கணும்னா எழுத்துல சம்மதமும் பாதுகாப்பும் வேணும்னு அதுல இருக்கு. 2021ல கடைப் பணியாளருக்கு உக்கார இருக்கை குடுக்கணும்னு சட்டத்தையே திருத்தினாங்க. நம்ம ஊர்ல விடுதியில வேலை பார்க்கிற பொண்ணுங்க சுத்தியிருக்கிற கிராமத்துல இருந்து வர்றாங்க. ஒன்பது மணிக்கு வேலை முடிஞ்சா அவங்க எப்படி வீட்டுக்குப் போவாங்க? விருந்தாளிக்கு ஜீப் அனுப்புறோம். அதே ஜீப் ஒரு நடை அந்தப் பொண்ணுங்களை இறக்கி விட்டுட்டு வரட்டும். ராத்திரி நேரத்தை நீட்டிக்கிறதுக்கு முன்னாடி இதை முடிவு பண்ணணும். லண்டன் ராத்திரி ரயில் விட்டது எல்லாருக்கும் உதவுச்சு, ஆடிட்டு வர்றவனுக்கும் ஆஸ்பத்திரி ஆயாவுக்கும்.

கேள்விகள்

(ஒரு மாணவி: "பெண்கள் தனியா ராத்திரி போகலாமா அண்ணா?")

போறாங்கம்மா, நிறையப் பேர் போறாங்க. பத்து, பதினோரு மணிக்கு நகர நடுவுல, ரயில்ல பெண்கள் சகஜமா இருப்பாங்க. ஆனா பேட்டைக்குப் பேட்டை வித்தியாசம் இருக்கு. கூட்டம் இருக்கிற தெருவிலேயே நட, பூங்காவுக்கு உள்ள குறுக்கு வழி எடுக்காதே, பஸ்ல ஆள் கம்மியா இருந்தா கீழ் தளத்துல டிரைவர் பக்கம் உக்காரு. அவசரத்துக்கு அங்க 999. முதல் மாசம் யாரோடயாவது சேர்ந்து போ, வழி பழகினப்புறம் நீயே முடிவு பண்ணிக்க.

(டாக்சி ஓட்டுநர் ஒருவர்: "ஒரு சாயங்காலத்துக்கு எவ்வளவு ஆகும் தம்பி?")

அண்ணே, மியூசியம், ஆத்தங்கரை நடை, பஸ், பேகல்னு போனா பத்து பவுண்டுக்குள்ள முடிச்சிடலாம். ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேல. பாட்டு நாடகம், நல்ல ஓட்டல்னு போனா பத்து மடங்கும் ஆகும். முதல் வாரம் மலிவானதைப் பாருங்க. ஊர் பிடிபட்டதும் ஒரே ஒரு நாள் பெரிய செலவு பண்ணுங்க.

சரி, ஏழேமுக்கால் ஆச்சு. கீழ கிராமத்துக்குப் போற அக்காங்க முதல்ல கிளம்புங்க, வெளிய ஜீப் நிக்குது. மத்தவங்க நாற்காலியை மடிச்சு வெச்சிட்டுப் போகலாம்.